தோமையாரின் தென்னக வருகை: ஐதீகமும் சான்றும் சமூக அடிப்படையும்

இயேசுவின் பன்னிரு சீடருள் ஒருவரான தோமையார் கி.பி. 52இல் சேர நாட்டுக் கரையில் வந்திறங்கினார் என்பதும், 72இல் மயிலாப்பூரை அடுத்த குன்றில் ஈட்டியால் குத்திக் கொல்லப்பட்டார் என்பதும் தென்னிந்தியக் கிறிஸ்தவரிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் ஐதீகமாகும். இதனை ஐயத்திற்கிடமற்ற வரலாறாகக் கொள்வோர் ஒருபுறமும், போர்த்துக்கேயர் புனைந்த கட்டுக்கதையெனத் தள்ளுவோர் மறுபுறமும் நிற்கின்றனர். இரு சாராரும் எழுப்புவது ‘வந்தாரா, இல்லையா?’ என்னும் ஒரே வினாவையே. அவ்வினா அவசியமானது, ஆயினும் போதுமானதன்று. இவ்வைதீகத்தை எச்சமூகப் பிரிவினர் எத்தேவை கருதிப் பேணினர் என்பதும் உடன் ஆராயப்படல் வேண்டும்.

முதற்கண் சான்றுகளை நோக்குவோம். தோமையாரை இந்தியாவுடன் இணைத்துப் பேசும் மிகப் பழைய விரிவான நூல் ‘தோமாவின் பணிகள்’ என்பதாகும். இது கி.பி. 3ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், எதெசா நகரைச் சார்ந்த சிரிய மொழிச் சூழலில் தோன்றியது. இந்நூலின்படி தோமையார் தாமே விரும்பி இந்தியாவுக்குப் புறப்பட்டவரல்லர். அப்பான் என்னும் வணிகனுக்கு அடிமையாக விற்கப்பட்டே கப்பலேறுகிறார். தச்சும் கட்டடக் கலையும் அறிந்த அவரிடம் குந்தபோரஸ் என்னும் மன்னன் அரண்மனை கட்டப் பொருள் கொடுக்கிறான். அவரோ அதனை ஏழைகளுக்குப் பகிர்ந்தளித்துவிட்டு, அரண்மனை விண்ணுலகில் எழும்பியுள்ளது என்கிறார். பின்னர் மஸ்தை என்னும் வேறொரு மன்னனின் ஆணைப்படி அவர் கொல்லப்படுகிறார்.

இக்கதையில் வரும் குந்தபோரஸ் கற்பனைப் பாத்திரமென்றே 19ஆம் நூற்றாண்டுவரை கருதப்பட்டது. 1830களில் காபூல் பள்ளத்தாக்கிலும் பஞ்சாபிலும் அவன் பெயர் பொறித்த நாணயங்கள் கிடைக்கத் தொடங்கியதும் அக்கருத்து மாறிற்று. அவனது ஆட்சியின் 26ஆம் ஆண்டைக் குறிக்கும் தக்தி பாகிக் கல்வெட்டு ஏறத்தாழக் கி.பி. 46ஐச் சார்ந்ததெனப் பலரால் கணிக்கப்படுகின்றது. ஆக, கதை ஓர் உண்மையான பெயரைப் பேணியுள்ளது. ஆனால் அவன் ஆண்ட நிலம் தட்சசீலத்தை உள்ளிட்ட வடமேற்குப் பகுதியாகும். மஸ்தை என்பதும் ஈரானியச் சாயல் கொண்ட பெயரே. முசிறியோ மயிலாப்பூரோ இந்நூலில் இடம்பெறவில்லை. தோமையாருக்கு ஒதுக்கப்பட்ட நாடு பார்த்தியா என்றே 4ஆம் நூற்றாண்டுத் திருச்சபை வரலாற்றாசிரியரான எவுசேபியசும் குறிக்கிறார். அதே நூற்றாண்டில் வாழ்ந்த எபிரேம், இந்தியாவிலிருந்து வணிகனொருவன் கொணர்ந்த அவரது எலும்புகள் எதெசாவில் இருப்பதாகப் பாடுகிறார்.

அவ்வாறாயின் அக்காலத்தில் ஒருவர் பாலஸ்தீனத்திலிருந்து தமிழகத்துக்கு வந்திருத்தல் இயலாததா? நிச்சயமாக இயலும். கி.பி. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எழுதப்பட்ட ‘எரித்திரியக் கடற் பெரிப்ளூஸ்’ முசிறித் துறையை விரிவாகப் பேசுகிறது. செங்கடற் கரையிலுள்ள பெரணிகே அகழாய்வில் இந்தியச் சாடியொன்றில் ஏறத்தாழ ஏழரைக் கிலோ மிளகு கிடைத்துள்ளது. 1945இல் அகழப்பட்ட அரிக்கமேடும், 2007 முதல் அகழப்பட்ட பட்டணமும் இவ்வணிகத்தின் பொருட்சான்றுகளை வழங்கியுள்ளன. எனினும் பாதை இருந்தது என்பது, குறிப்பிட்டவொருவர் அதில் நடந்தார் என்பதற்குச் சான்றாகாது. தோமையாரின் தென்னக வருகைக்குச் சமகாலச் சான்று எதுவுமில்லை. வடமேற்குத் தொடர்புக்கு ஓரளவு இசைவான சூழ்நிலை உண்டு. சான்றுகளின் எல்லை இவ்வளவே.

சீடர் சென்றிருக்கக்கூடிய பாதையில் வணிகர் சென்றது ஐயத்திற்கப்பாற்பட்டது. 6ஆம் நூற்றாண்டு வணிகரான கோஸ்மாஸ், மிளகு விளையும் மலேயிலும், பாரசீகக் கிறிஸ்தவர் வாழ்ந்த தப்ரபேனிலும், அதாவது நம் ஈழத்திலும், திருச்சபைகள் இருந்தமையைக் குறிக்கிறார். 1912இல் அநுராதபுரத்தில் கண்டெடுக்கப்பட்ட சிலுவைச் சிற்பம் இக்கூற்றுக்கு அரணாகின்றது. 1547இல் பரங்கிமலையில் வெளிப்பட்டுத் தோமையாருடையதென வழிபடப்பட்ட சிலுவையில் உள்ளது பாரசீகத்தின் பகலவி எழுத்தாகும். அது முதல் நூற்றாண்டுக்குப் பல நூற்றாண்டுகள் பிற்பட்டது.

இவ்வணிகச் சமூகத்தின் அமைப்பை 849ஆம் ஆண்டின் கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேடுகள் துலக்குகின்றன. வேணாட்டு அய்யனடிகள், சபீர் ஈசோ எழுப்பிய பள்ளிக்கு நிலமும் உரிமைகளும் வழங்குகின்றார். அஞ்சுவண்ணமும் மணிக்கிராமமும் ஆகிய வணிகக் கணங்கள் காவற்பொறுப்பேற்கின்றன. அரபு, பகலவி, எபிரேய எழுத்துகளில் சாட்சிகள் ஒப்பமிடுகின்றனர். முஸ்லிம், கிறிஸ்தவர், யூதர் ஆகியோர் ஒரே ஆவணத்தில் இணைவது மத நல்லிணக்கத்தின் எடுத்துக்காட்டாக அடிக்கடி பாராட்டப்படுகிறது. அவ்விணைவுக்கு ஆதாரமாயிருந்தது பொது வணிக நலனாகும். அதே செப்பேட்டில் ஈழவர், வண்ணார் முதலிய உழைக்கும் குடிகளும் பள்ளிக்கு உடைமையாக அளிக்கப்படுகின்றனர் என்பதை மறத்தலாகாது. அடிமையாய் விற்கப்பட்ட சீடரைத் தம் முதல்வராகக் கொண்ட சமூகம் குடிகளைத் தானமாகப் பெற்றது.

இவ்வுடைமை நிலையின் கருத்துநிலை வெளிப்பாடே, தோமையார் நம்பூதிரிப் பிராமணரை மதம் மாற்றினார் என்னும் கூற்று. கேரளத்தில் பிராமணக் குடியிருப்புகள் வலுப்பெற்றது முதல் நூற்றாண்டுக்கு வெகு பிந்திய நிகழ்வாகும். இக்கூற்று சாதிப் படிநிலையில் உயரிடம் கோருவதற்கே பயன்பட்டது. அதன் மறுபக்கத்தைப் பொய்கையில் யோகன்னான் வாழ்வில் காணலாம். ஒடுக்கப்பட்ட சாதியிற் பிறந்து, தோமையார் பெயர் தாங்கிய மார்த்தோமா சபையிற் சேர்ந்த அவர், அங்கும் சாதியே கண்டு வெளியேறி, 1909 அளவில் ‘பிரத்தியட்ச ரட்சா தெய்வ சபை’யை நிறுவினார்.

ஆயினும் ஐதீகம் ஆதிக்கத்திற்கு மட்டுமே துணைநின்றது எனல் ஒருபக்கப் பார்வையாகும். 1599இல் போர்த்துக்கேயப் பேராயர் மெனெசிசு கூட்டிய உதயம்பேரூர் மாமன்றம், தோமையாரின் சட்டம் வேறு, பேதுருவின் சட்டம் வேறு என்னும் உள்ளூர்க் கிறிஸ்தவரின் கொள்கையைக் கண்டித்தது. சிரிய நூல்கள் தீக்கிரையாயின. 1653இல் மட்டாஞ்சேரியில் எடுக்கப்பட்ட கூனன் குரிசு உறுதிமொழி அதற்கெதிரான வெகுசன எழுச்சியாகும். அங்கே தோமையார் குடியேற்றவாதத்தை எதிர்க்கும் சுயாதீனத்தின் குறியீடானார்.

மயிலாப்பூரிலும் இத்தகைய உரிமை மாற்றத்தைக் காணலாம். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் அக்கல்லறை பற்றி எழுதிய மார்க்கோ போலோ, கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் அங்கு யாத்திரை சென்றனர் என்றும், முஸ்லிம்கள் அவரைத் தம்மவராகவே போற்றினர் என்றும் கூறுகிறார். 1516 அளவில் எழுதிய பர்போசா, பாழடைந்த அக்கோயிலில் ஏழை முஸ்லிமொருவர் பிச்சையெடுத்து விளக்கெரித்ததைப் பதிவு செய்துள்ளார். 1523இல் போர்த்துக்கேயர் அவ்விடத்தை அகழ்ந்து எலும்புகளைத் தமதாக்கிய பின், பலர் வணங்கிய அடக்கத்தலம் ஒரு பேரரசின் சொத்தாயிற்று.

நம் கிழக்குக் கரையினர்க்கு இது அந்நியமான செய்தியன்று. பெரியநீலாவணையிலிருந்து மருதமுனை, பாண்டிருப்பு வழியே தெற்கே சென்றால் கல்முனைக் கடற்கரைப் பள்ளியை அடையலாம். ஆண்டுதோறும் கொடியேற்றப்படும் அத்தலம் நாகூர் சாகுல் ஹமீது நாயகத்தின் நினைவாலயமாகும். அவர் அடங்கியிருப்பது கடலுக்கப்பால் நாகூரில். உடல் அங்கில்லை என்பது எவருக்கும் மறைபொருளன்று. அதனால் அத்தலத்தின் பெறுமதி குன்றியதுமில்லை. கடலோடிகளும் வணிகரும் தம் வழித்தடத்திலெல்லாம் தம் காவலரையும் கொண்டு செல்வர். அதை அவ்வாறே ஏற்று, அதன் சமூகப் பொருளை உணர்தலே வரலாற்று நோக்கு.

இந்நோக்கு கைவிடப்படின் இலக்கிய ஆய்வும் தடம்புரளும். திருவள்ளுவர் தோமையாரிடம் கிறிஸ்தவம் கற்றவர் என்று நிறுவ மு. தெய்வநாயகம் மேற்கொண்ட முயற்சி இதற்குச் சான்று. நிறுவப்படாத வருகையை முற்கோளாகக் கொண்டு ஒரு பேரிலக்கியத்தின் கருத்துலகை விளக்கப் புகுந்தால், அதனை ஈன்ற தமிழ்ச் சமூகத்தின் உள்முரண்பாடுகள் பார்வையினின்று மறைந்துவிடுகின்றன. தோமையாரை முற்றாக மறுத்து, கிறிஸ்தவரையும் முஸ்லிம்களையும் அந்நியரெனச் சுட்டும் இன்றைய மதவாதமும் இதே தவற்றின் மறுபுறமே. ஒரு மக்கட் பிரிவினர்க்கு மண்ணில் உள்ள உரிமை, அவர்தம் முன்னோர் எந்நூற்றாண்டில் கரையேறினர் என்பதைப் பொறுத்ததன்று. அம்மண்ணில் அவர்கள் உழைத்து வாழ்வதால் அமைவது. தோமையார் வரலாற்றின் ஐயங்களை அஞ்சாது ஆராயும் துணிவு, இவ்வுண்மையை ஏற்பவர்க்கே வாய்க்கும்.