மாநாட்டுப் பையில் என்ன இருக்கிறது?

மாநாடு என்றதும் நம்மவர்கள் மனத்தில் ஒரு காட்சி வந்துவிடும். குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை, மதிய உணவு, கடைசியில் குழுப்படம். வீடு திரும்பும்போது தோளில் ஒரு துணிப்பை, அதற்குள் ஒரு பேனா, ஒரு மாநாட்டு மலர். "போய் வந்தீர்களே, என்ன கொண்டு வந்தீர்கள்?" என்று பிள்ளைகள் கேட்டால் அந்தப் பையைத்தான் காட்ட வேண்டியிருக்கும்.

சிறுவர் நூல் எழுத்தாளர்களும் ஓவியர்களும் கூடும் வட்டார மாநாடு சற்று வேறு வகை. அங்கே பொன்னாடை கிடையாது. கொண்டு போன கையெழுத்துப் பிரதியை முன்பின் தெரியாத ஒருவர் பிரித்துப் பார்த்துக் கேள்வி கேட்பார். தமிழில் எழுதுபவர் அத்தகைய இடத்துக்குப் போவதால் பயன் உண்டா? பேச்செல்லாம் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தானே நடக்கிறது? மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் சிறுவர்களுக்கு எழுதுவோரிடையே இந்தக் கேள்வி எழுவது இயல்பே. அதற்கு விடை காண்போம்.

எங்கே நடக்கிறது?

நம் வட்டாரத்தில் முதலில் சொல்ல வேண்டியது, ஏ.எஃப்.சி.சி. என்று அழைக்கப்படும் ஆசியச் சிறுவர் படைப்பு விழா. சிங்கப்பூரின் தேசிய புத்தக மேம்பாட்டு மன்றம் 2010ஆம் ஆண்டில் இதைத் தொடங்கியது. அம்மன்றத்தின் இன்றைய பெயர் சிங்கப்பூர் புத்தக மன்றம். அதற்கு முன்பே ஆசியச் சிறுவர் எழுத்தாளர், ஓவியர் மாநாடு என்ற பெயரில் அம்மன்றம் நடத்தி வந்த கூட்டமே விழாவாக வளர்ந்தது. எழுத்தாளர், ஓவியர், பதிப்பாளர், மொழிபெயர்ப்பாளர், நூலகர், ஆசிரியர், பெற்றோர் எல்லாரையும் ஒரே கூரையின்கீழ் கொண்டுவருவதே அதன் நோக்கம். ஆண்டுக்கு ஒரு நாட்டைச் சிறப்பு நாடாக முன்னிறுத்தும் வழக்கமும் இவ்விழாவில் உண்டு. 2013இல் மலேசியாவும் 2014இல் இந்தியாவும் அந்த இடத்தைப் பெற்றன.

மற்றொன்று, 1971ஆம் ஆண்டில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் தொடங்கப்பட்ட சிறுவர் நூல் எழுத்தாளர், ஓவியர் சங்கம். உலகின் பல பகுதிகளில் அதற்குக் கிளைகள் இருக்கின்றன. எழுதுவோரும் வரைவோரும் ஒரே சங்கத்தில் உறுப்பினராக இருப்பதே அதன் தனிச்சிறப்பு.

ஏன் இந்த அக்கறை?

சிங்கப்பூர் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஓர் உண்மையைச் சொல்கிறது. ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள இந்தியர்களில், வீட்டில் அதிகம் பேசும் மொழி ஆங்கிலம் என்று சொன்னவர்கள் 2010இல் 41.6 விழுக்காட்டினர். 2020இல் அது 59.2 விழுக்காடாக உயர்ந்தது. மலேசியாவில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. ஆனால் பாடநூலை மூடிய பிறகு அந்தப் பிள்ளைகள் விரும்பி எடுக்கும் தமிழ்ப் புத்தகம் எது?

கடையில் ஒரு பிள்ளையின் முன்னால் இரண்டு புத்தகங்கள் இருக்கின்றன. ஒன்று வழவழப்பான தாளில் பக்கம் முழுவதும் வண்ணப் படங்களோடு ஆங்கிலத்தில். மற்றொன்று தமிழில், மூலைக்கு ஒரு கோட்டோவியத்தோடு. பிள்ளையின் கை எதை நோக்கிப் போகும்? பிள்ளையைக் குறை சொல்லிப் பயனில்லை. புத்தகம் செய்யும் கலையைப் பெரியவர்கள் கற்க வேண்டும். மாநாடு என்பது அதற்கான பட்டறை.

கூட ஒருவரை அனுப்பி வைப்போம்

விளங்கிக்கொள்வதற்காக ஓர் ஆசிரியையைக் கற்பனை செய்துகொள்வோம். ஜோகூர் பாருவில் உள்ள ஒரு தமிழ்ப்பள்ளியில் பணிபுரிகிறார். விடியற்காலைப் பேருந்து ஏறி, பாலத்தைக் கடந்து, குவீன் ஸ்திரீட் நிலையத்தில் இறங்குகிறார். விழா பல ஆண்டுகள் நடந்த தேசிய நூலகக் கட்டடம் அங்கிருந்து நடக்கும் தூரம்தான். பையில் அவர் எழுதிய கதை. தோட்டத்தில் தனியாக வசிக்கும் பாட்டிக்கு மழையில் குடை கொண்டுபோகும் குமரன் என்ற சிறுவனின் கதை அது. தட்டச்சில் பன்னிரண்டு பக்கம்.

முதல் அமர்விலேயே அவருக்கு ஓர் எண் அறிமுகமாகிறது: 32.

படப் புத்தகங்களில் பெரும்பாலானவை 32 பக்கம் கொண்டவை. காரணம் அச்சகத்தில் இருக்கிறது. பெரிய தாளின் இரு பக்கமும் அச்சடித்து மடித்து வெட்டும்போது எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு என்ற கணக்கில்தான் பக்கங்கள் கிடைக்கும். தலைப்புப் பக்கம், பதிப்பு விவரம் போன்றவற்றைக் கழித்தால், கதைக்கு எதிரெதிர்ப் பக்கங்களாகப் பன்னிரண்டு முதல் பதினான்கு விரிப்புகள் மிஞ்சும். சில நூறு சொற்களிலேயே கதை முடிந்துவிட வேண்டும்.

இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். எட்டு வெள்ளைத் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நடுவில் மடித்தால் 32 பக்கக் குறிப்பேடு கிடைக்கும். கதையைத் துண்டு துண்டாக வெட்டி அதில் ஒட்டுங்கள். எந்த இடத்தில் பக்கம் புரள்கிறது என்று பாருங்கள். "கதவு மெல்லத் திறந்தது" என்பது வலப்பக்கத்தின் கடைசி வரியாக அமைந்தால், பிள்ளை தானே பக்கத்தைப் புரட்டும். அதே வரி இடப்பக்கத்தில் அமைந்து, கதவுக்குப் பின்னால் இருப்பவர் எதிர்ப்பக்கத்திலேயே தெரிந்துவிட்டால் ஆவல் அங்கேயே அடங்கிவிடும்.

நான் எதை வரைவது?

அடுத்தது ஓவியர்களோடு சந்திப்பு. ஆசிரியையின் கதையில் ஒரு வாக்கியம்: "சிவப்புச் சட்டை அணிந்த குமரன், கொட்டும் மழையில் நனைந்தபடி, தன் பழைய மிதிவண்டியில் பாட்டியின் வீட்டை நோக்கி விரைந்தான்."

இளம் ஓவியர் ஒருவர் அதைப் படித்துவிட்டு, "டீச்சர், எல்லாவற்றையும் நீங்களே சொல்லிவிட்டால் நான் எதை வரைவது?" என்று கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கேள்வியில் நியாயம் இருக்கிறது. சட்டையின் நிறம், மழை, மிதிவண்டி எல்லாம் படத்தில் தெரியப்போகின்றன. எழுத வேண்டியது "குமரன் கிளம்பிவிட்டான்" என்ற இரண்டே சொற்கள்.

இதற்கு மேலும் ஒரு படி உண்டு. "குமரனுக்குப் பயமே இல்லை" என்று எழுத்து சொல்லும். படத்தில் குமரன் கட்டிலுக்கு அடியில் ஒளிந்திருப்பான். எழுத்துச் சொல்லாததைப் படம் சொல்ல, இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வேடிக்கையைப் பிள்ளை கண்டுபிடித்துச் சிரிக்கும். படிக்கத் தெரியாத குழந்தையும் அந்தச் சிரிப்பில் சேர்ந்துகொள்ளும். தமிழைத் தட்டுத்தடுமாறிப் படிக்கும் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய துணை என்பதை ஆசிரியர்கள் அறிவார்கள்.

ஆகவே ஓவியரைக் கடைசியில் அழைத்து "நாலு படம் போட்டுக் கொடுங்கள்" என்று சொல்லும் வழக்கம் மாற வேண்டும். புத்தகத்தில் பாதி அவருடையது. அட்டையில் அவர் பெயரும் இருக்க வேண்டும். படங்களின் உரிமை யாருக்கு, ஒரே தொகையா, விற்பனையில் பங்கா என்பதைத் தொடக்கத்திலேயே எழுதிக் கையெழுத்திட்டுவிட்டால் பின்னால் மனக்கசப்பு வராது.

யாருடைய கதை?

சில மாநாடுகளில் கையெழுத்துப் பிரதியை முன்கூட்டியே அனுப்பி வைத்தால், பதிப்பாசிரியர் ஒருவர் படித்துவிட்டு எழுத்தாளருடன் தனியாகப் பேசுவார். இதற்குத் தனிக் கட்டணம் இருக்கலாம். இடமும் குறைவு. பதிவு செய்யும்போதே விசாரித்துக்கொள்வது நல்லது. தமிழ்க் கதையாக இருந்தால் ஆங்கிலத்தில் ஒரு சுருக்கமும் மொழிபெயர்ப்பும் கையில் இருக்க வேண்டும்.

நம் ஆசிரியையின் கதையில் பாலம் வெள்ளத்தில் மூழ்கிவிடுகிறது. மாமா காரில் வருகிறார், குமரனை ஏற்றிக்கொண்டு பாட்டி வீட்டில் சேர்க்கிறார். "மழையில் தனியாகப் போகக் கூடாது, பெரியவர்கள் சொல்லைக் கேட்க வேண்டும்" என்ற அறிவுரையோடு கதை முடிகிறது. பதிப்பாசிரியர் கேட்பது ஒரே கேள்விதான்: "சிக்கலைத் தீர்த்தது யார்?" மாமா. அப்படியானால் இது மாமாவின் கதை. குமரன் வெறும் பயணி.

இங்கே ஓர் எடுத்துக்காட்டைச் சொல்லலாம். இந்தியாவில் பிறந்த எழுத்தாளர் உமா கிருஷ்ணசுவாமியின் 'புக் அங்கிள் அண்ட் மீ' அச்சேறாத பிரதியாக இருந்தபோதே, 2011இல் ஸ்கொலாஸ்டிக் ஆசியப் புத்தக விருதைப் பெற்றது. ஏ.எஃப்.சி.சி. விழாவோடு இணைந்து உருவான விருது அது. பிரதி மறு ஆண்டு நூலாக வந்தது, பிறகு வட அமெரிக்காவிலும் வெளியானது. தெருவோரத்தில் புத்தகம் இரவல் கொடுக்கும் பெரியவருக்கு இடைஞ்சல் வருகிறது. அதை எதிர்த்துப் பெரியவர்களைத் தட்டி எழுப்புபவள் யாஸ்மின் என்ற ஒன்பது வயதுச் சிறுமி. கடைசியில் நீதி சொல்ல யாரும் வருவதில்லை. சிறுமி செய்ததே நீதியாக நிற்கிறது.

கறுப்புத் தகட்டின் கணக்கு

நம்மில் பலர் கேட்க விரும்புவது காசுக் கணக்கு. வண்ணப் புத்தகம் சில நூறு படிகள் மட்டும் அச்சடித்தால் ஒரு படியின் அடக்கவிலை கட்டுப்படியாகாது. தமிழ் வாசகர் தொகையோ சிறியது. என்ன செய்வது?

வண்ண அச்சில் நீலம், செந்நிறம், மஞ்சள், கறுப்பு என்று நான்கு தகடுகள் பயன்படுகின்றன. எழுத்து முழுவதும் கறுப்பில் இருந்தால், வேறொரு மொழியில் அச்சடிக்கும்போது கறுப்புத் தகட்டை மட்டும் மாற்றினால் போதும். மற்ற மூன்றும் அப்படியே இருக்கும். மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் என்று பல மொழிப் பதிப்புகளை ஒரே ஓட்டத்தில் அச்சடித்தால் ஓவியரின் ஊதியமும் வண்ணச் செலவும் எல்லா மொழிகளுக்கும் பங்காகிவிடும். சென்னையில் 1996 முதல் இயங்கி வரும் தூலிகா பதிப்பகம் ஒரே படப் புத்தகத்தை ஆங்கிலத்திலும் தமிழ் உள்ளிட்ட பல இந்திய மொழிகளிலும் வெளியிட்டு வருவது இதற்குச் சான்று.

இதற்காக ஓவியரும் சில விதிகளைக் கடைப்பிடிக்க வேண்டும். எழுத்தை வண்ணத்தில் போடக் கூடாது. இருண்ட வானத்தில் வெள்ளை எழுத்தும் வேண்டாம். அப்படிச் செய்தால் நான்கு தகடுகளையும் மாற்ற வேண்டிவரும். கடைப் பலகையில் எழுத்து வரைந்தால் அது ஒரு மொழியில் சிக்கிக்கொள்ளும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, ஆகவே ஆங்கிலத்துக்கு விட்ட இடத்தைவிடக் கூடுதல் இடம் விட வேண்டும். இவற்றைப் படம் வரையுமுன் தெரிந்துகொண்டால் செலவு மிச்சம்.

தமிழ் எழுத்தாளர் வட்டார மாநாட்டுக்குப் போக வேண்டியதற்கு முதன்மையான காரணம் இதுவே. மலாய்ப் பதிப்பாளரையும் சீன ஓவியரையும் அங்கேதான் சந்திக்க முடியும். தனியே நின்றால் வண்ணம் கட்டுப்படியாகாத மொழி, பக்கத்து மொழிகளோடு கூட்டுச் சேர்ந்தால் பக்கம் முழுவதும் வண்ணம் பெறலாம்.

போகுமுன்னும் வந்தபின்னும்

போகுமுன் பேச்சாளர் பட்டியலைப் படித்து, யாரிடம் என்ன கேட்பது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கதையை இரண்டு வாக்கியத்தில் சொல்லப் பழகுங்கள். ஓவியர்கள் பத்துப் பன்னிரண்டு நல்ல படங்கள் கொண்டு போனால் போதும். ஒரே பாத்திரம் ஓடுவது, அழுவது, சிரிப்பது என்று பல நிலைகளில் இருந்தால் பதிப்பாசிரியருக்கு நம்பிக்கை பிறக்கும். தேநீர் வேளையில் யார் கையிலும் பிரதியைத் திணிக்காதீர்கள். பெயரட்டை பெற்றுக்கொண்டு, ஊர் திரும்பிய வாரமே இரண்டு வரி எழுதி அனுப்புவது மரியாதை.

திரும்பிய பிறகு நான்கைந்து பேர் சேர்ந்து, மாதம் ஒருமுறை ஒருவர் கதையை ஒருவர் படித்துத் திருத்தும் குழுவை அமையுங்கள். தமிழுக்கு இது புதிதல்ல. குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா 1950ஆம் ஆண்டிலேயே சென்னையில் குழந்தை எழுத்தாளர் சங்கத்தைத் தொடங்கியவர்.

நம் ஆசிரியை மாலைப் பேருந்தில் பாலத்தைக் கடக்கிறார். பன்னிரண்டு பக்கக் கதை இப்போது இரண்டு பக்கமாகியிருக்கிறது. மாமாவும் அவருடைய காரும் போய்விட்டார்கள். மூழ்கிய பாலத்தைக் குமரன் எப்படிச் சமாளிப்பான் என்பது ஆசிரியைக்கே இன்னும் தெரியவில்லை. நாளை வகுப்பில் பிள்ளைகளிடமே கேட்கப் போகிறார். மாநாட்டுப் பையில் அவர் கொண்டு வந்தது அந்தக் கேள்விதான்.