மன்னர் எந்த மொழியில் பேசினார்?

கணிப்பொறியில் போர்த்தந்திர விளையாட்டு ஆடியிருக்கிறீர்களா? சதுரங்கத்தைப் போல இதுவும் யோசித்து ஆடும் ஆட்டம்தான். காய்களுக்குப் பதிலாக நகரங்கள், வயல்கள், கப்பல்கள், படைகள். எதிரே அமர்ந்து ஆடுவது கணிப்பொறி. ஆனால் அது வெறும் பொறியாக வருவதில்லை. சீசராகவோ மான்டெசுமாவாகவோ வேடமிட்டுத் திரையில் தோன்றும். நட்பு நாடும், மிரட்டும், போர் தொடுக்கும், தோற்றால் புலம்பும்.

இவ்வகை ஆட்டங்களில் பெயர் பெற்றது, 1991-இல் அமெரிக்காவில் வெளிவந்த 'சிவிலைசேஷன்'. அதன் ஐந்தாம் பதிப்பு 2010-இல் வந்தது. அதில் தலைவர்களைத் தத்தம் மொழியிலேயே பேச வைத்தார்கள். ரோமாபுரியின் அகஸ்டஸ் சீசர் லத்தீனில் பேசினார். மெக்சிகோவின் ஆஸ்டெக் மன்னர் மான்டெசுமா நஹுவாட்டல் மொழியில் முழங்கினார். பாபிலோன் அரசர் நெபுகாத்நேசரோ அக்காடிய மொழியில் பேசினார்! பேச்சின் பொருள் திரையின் அடியில் எழுத்தாக ஓடியது.

இங்கே ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். திரைப்படத்தில் அடியில் ஓடும் எழுத்து, பேச்சின் மொழிபெயர்ப்பு. இந்த ஆட்டத்தில் அப்படியே தலைகீழ். வசனம் முதலில் எழுதப்படுவது ஆங்கிலத்தில்தான். பிறகே அது மன்னரின் மொழிக்கு மாற்றப்பட்டு, நடிகர் ஒருவரால் பேசப்படுகிறது. ஆக, அடியில் இருப்பதுதான் மூலம். மன்னர் வாயிலிருந்து வருவதுதான் மொழிபெயர்ப்பு. சில இடங்களில் இரண்டும் ஒத்துப்போவதும் இல்லை. அந்தந்த மொழி அறிந்த ஆட்டக்காரர்கள் பேச்சைக் காதால் கேட்டு எழுதி, 'மன்னர் உண்மையில் சொல்வது இதுதான்' என்று திரும்பவும் மொழிபெயர்த்துப் பார்ப்பதை ஒரு பொழுதுபோக்காகவே வைத்திருக்கிறார்கள்.

சரி, அக்காடியம் என்பது இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகப் பேசுவோர் இல்லாத மொழி. அதில் ஒருவர் பேசினால், அவர் பேசுவது சரிதான் என்று நாம் எப்படிச் சொல்ல முடியும்?

நான்கு உறைகள்

அக்காடியம் ஈரக் களிமண் பலகையில் நாணற்குச்சியால் அழுத்தி எழுதப்பட்டது. குறிகள் ஆப்பு வடிவில் இருப்பதால் இதை ஆப்பெழுத்து என்கிறோம். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் சிலர் இதைப் படித்துவிட்டதாகச் சொன்னார்கள். 'இவர்கள் மனம்போனபடி கற்பனை செய்கிறார்கள்' என்று வேறு பலர் நம்ப மறுத்தார்கள். 1857-இல் லண்டனிலிருந்த ராயல் ஏஷியாடிக் சொசைட்டி இதற்கு ஒரு பரீட்சை வைத்தது. அசீரிய மன்னர் முதலாம் திக்லத் பிலேசரின் கல்வெட்டு வாசகம் ராலின்சன், ஹிங்க்ஸ், டால்பட், ஓப்பர்ட் என்னும் நால்வரிடம் இருந்தது. அவர்கள் ஒருவரையொருவர் கலந்துகொள்ளாமல் அதைத் தனித்தனியே மொழிபெயர்த்து, முத்திரையிட்ட உறையில் அனுப்ப வேண்டும். உறைகளைப் பிரித்து ஒப்பிட்டபோது நான்கும் முக்கியமான இடங்களில் ஒத்திருந்தன. அக்காடியம் படிக்கப்பட்டுவிட்டது என்பது நிலைநாட்டப்பட்டது. (டால்பட் யார் தெரியுமா? புகைப்படக் கலையின் முன்னோடிகளில் ஒருவரான அதே டால்பட்தான்!)

பொருள் தெரிந்தால் போதாது. ஒலியும் தெரிய வேண்டுமே? அதற்கு உறவினர் கைகொடுக்கிறார்கள். அக்காடியம், அரபு, ஹீப்ரு மூன்றும் ஒரே குடும்பம். அக்காடியத்தில் நாய்க்கு 'கல்பு', அரபில் 'கல்ப்'. இப்படி நூற்றுக்கணக்கான சொற்களை அருகருகே வைத்துப் பார்த்தால், செத்துப்போன மொழியின் ஒலிகள் ஒவ்வொன்றாகத் தெளிவாகின்றன.

லத்தீனுக்கு இன்னொரு வழி உண்டு. 'சீசர்' என்று நாம் சொல்லும் பெயரைக் கிரேக்கர்கள் 'கைசர்' என்று எழுதினார்கள். ஜெர்மானியர் இதே பெயரிலிருந்து பேரரசரைக் குறிக்க எடுத்துக்கொண்ட சொல்லும் 'கைசர்' என்றே இருக்கிறது. எனவே அக்கால ரோமானியர் அந்த முதல் எழுத்தைக் 'க' என்றே ஒலித்தார்கள் என்று கொள்ளலாம். இதைவிடச் சுவையான சான்று எழுத்துப் பிழை! கி.பி. 79-இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பாம்பேயி நகரத்தின் சுவர்களில் சாதாரண மக்கள் கிறுக்கியவை கிடைத்திருக்கின்றன. சொல்லின் கடைசியில் வர வேண்டிய 'ம்' பல இடங்களில் விடுபட்டுள்ளது. வாயில் தேய்ந்துபோன ஒலி கையிலும் தேய்ந்துபோயிற்று.

உங்கள் வகுப்பில் யாராவது 'பழம்' என்பதைப் 'பளம்' என்று எழுதினால் ஆசிரியர் மதிப்பெண்ணைக் குறைப்பார். ஆயிரம் ஆண்டுகள் கழித்து அந்தத் தாள் ஒரு மொழியியல் அறிஞர் கையில் கிடைத்தால், அவர் அதைப் புதையலாகப் போற்றுவார்.

உயிர் இல்லாத எழுத்து

எகிப்தின் கதை கடினமானது. அந்நாட்டின் சித்திர எழுத்து மெய்யொலிகளை மட்டுமே காட்டும், உயிரொலிகளைக் காட்டாது. தமிழில் ஒருவர் 'ப்ட்ம்' என்று மட்டும் எழுதி வைத்தால் நீங்கள் எப்படிப் படிப்பீர்கள்? படமா, பாடமா, பீடமா?

இரண்டாம் ராம்சஸ் எகிப்தை ஆண்டது ஏறத்தாழ கி.மு. 1279 முதல் 1213 வரை. அவருக்கும் ஹிட்டைட் அரசருக்கும் ஏற்பட்ட சமாதான உடன்படிக்கை, அக்காடிய மொழியில் ஆப்பெழுத்தில் எழுதப்பட்டுத் துருக்கியில் களிமண் பலகையாகக் கிடைத்தது. ஆப்பெழுத்து உயிரொலிகளையும் காட்டும் அல்லவா? அதில் அவர் பெயர் 'ரியாமஷேஷ' என்று இருக்கிறது! எகிப்திய மன்னரின் பெயருக்கு உயிர் கொடுத்தது அயல்நாட்டு எழுத்து.

மற்றொரு துணை காப்டிக் மொழி. இது பண்டைய எகிப்திய மொழியின் கடைசி வாரிசு. கிரேக்க எழுத்தில் உயிரொலிகளோடு எழுதப்பட்டது. எகிப்தியக் கிறிஸ்தவர்களின் வழிபாட்டில் இன்றும் ஒலிக்கிறது.

இத்தனை இருந்தும், ஐந்தாம் பதிப்பில் ராம்சஸ் பேசியது அரபு மொழி. அரபு எகிப்துக்கு வந்தது கி.பி. 7-ஆம் நூற்றாண்டில். ராம்சஸ் இறந்து 1,800 ஆண்டுகளுக்கும் மேல் ஆன பிறகு! நெபுகாத்நேசருக்கு எடுத்துக்கொண்ட சிரமத்தை ராம்சஸுக்கும் எடுத்திருக்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் அதே வரிசையில் பின்னர் சேர்க்கப்பட்ட ஹூணர் தலைவன் அட்டிலா விஷயத்தில் தயாரிப்பாளர்களைக் குறை கூற முடியாது. ஹூணர் மொழியில் நமக்குக் கிடைத்திருப்பவை ஆட்பெயர்கள் சிலவும், பழைய நூலாசிரியர்கள் குறித்து வைத்த மூன்று சொற்களும்தான். அவையும் ஹூணர் மொழிச் சொற்கள்தாமா என்பதில் ஐயம் உண்டு. மூன்று சொற்களை வைத்துக்கொண்டு போர் முரசு கொட்ட முடியுமா? ஆகவே ரஷ்யாவில் வால்கா ஆற்றுப் பகுதியில் இன்றும் பேசப்படும் சுவாஷ் மொழியை அட்டிலாவுக்குக் கொடுத்தார்கள். ஹூணர் மொழிக்கு அது உறவாக இருக்கலாம் என்பது சிலர் கருத்து.

காந்தியடிகள் இந்த ஆட்டத்தில் இந்தி பேசுகிறார். அவருடைய தாய்மொழி குஜராத்தி என்பதை நீங்கள் அறிவீர்கள். தமது சுயசரிதையையும் அவர் அம்மொழியில்தான் எழுதினார்.

நீயா, நீங்களா?

மொழியும் ஒலியும் கிடைத்த பின்னும் மொழிபெயர்ப்பாளரின் தலைவலி தீர்வதில்லை. ஆங்கிலத்தில் எதிரில் இருப்பவர் யாராயினும் 'யூ' ஒன்றுதான். தமிழில் நீ, நீர், நீங்கள் என்று பிரிக்கிறோம். நஹுவாட்டல் மொழியில் மரியாதை இன்னும் நுணுக்கமானது. பெயரோடும் வினையோடும் தனி மரியாதை உறுப்புகள் ஒட்டிக்கொள்ளும். அப்படியானால் மான்டெசுமா உங்களை எப்படி விளிக்க வேண்டும்? சக அரசராகவா, கப்பம் கட்ட வேண்டியவராகவா? ஆங்கில வசனத்தில் இதற்கு விடை இல்லை. மொழிபெயர்ப்பாளர்தான் முடிவு செய்கிறார். அந்த முடிவில் மன்னரின் குணமே மாறிவிடும்.

வசனங்கள் துண்டு துண்டாக, முன்பின் தெரியாமல் வருவது இன்னொரு தொல்லை. 'வெரி வெல்' என்று ஒரு வரி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது 'மிக நன்று' என்ற பாராட்டா? அல்லது வேண்டா வெறுப்பாகச் சொல்லும் 'சரி, ஆகட்டும்' என்பதா? மன்னர் முகத்தைப் பார்த்தால்தானே தெரியும்! நீங்களே ஒரு சோதனை செய்து பாருங்கள். 'நீ வந்தது போதும்' என்ற வரியை நண்பர்கள் நால்வரிடம் கொடுத்து, யார் யாரிடம் எப்போது சொன்னது என்று கூறாமல் ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள். ராயல் ஏஷியாடிக் சொசைட்டியைப் போல உறையில் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கேட்டால்தான் தெரியும்

செத்த மொழியில் தவறு செய்தால் கோபித்துக்கொள்ள யாரும் இல்லை. உயிருள்ள மொழி அப்படியன்று. 2013-இல் ஐந்தாம் பதிப்புக்கு ஒரு கூடுதல் பகுதி தயாரானது. அதில், 1680-இல் ஸ்பானியரை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்த புவெப்லோ இந்தியர்களின் தலைவர் போப்பே இடம்பெறுவதாக இருந்தது. போப்பே அம்மக்களுக்கு வெறும் படைத்தலைவர் அல்லர். சமயத் தலைவரும் ஆவார். அவரை ஆட்டத்தில் உலவவிட்டுத் தங்கள் மொழியில் பேச வைப்பது தகாது என்று புவெப்லோ மக்களின் தலைவர்கள் தெரிவித்தார்கள். தயாரிப்பாளர்கள் போப்பேயைக் கைவிட்டு, ஷோஷோனி இனத்தவரைச் சேர்த்தார்கள்.

2025-இல் வந்த ஏழாம் பதிப்பில் வேறு வழியைக் கையாண்டார்கள். ஷானி இனத் தலைவர் டெகும்சே (இறந்தது 1813) அதில் வருகிறார். இம்முறை ஷானி மக்களின் தலைமையோடு முதலிலேயே கலந்து பேசி, அவ்வினத்தைச் சேர்ந்த ஒரு நடிகரையே ஷானி மொழியில் பேச வைத்தார்கள். அம்மொழியைச் சரளமாகப் பேசுவோர் மிகச் சிலரே. 2020-இல் அவ்வினத்தார் தங்கள் மொழிக்கு நெருக்கடி நிலை என்றே அறிவித்திருந்தார்கள். ஒரு ஷானிச் சிறுவன் தன் பாட்டனாரின் மொழியைக் கணிப்பொறியில் கேட்கிறான் என்றால், அவனுக்கு அது வெறும் விளையாட்டாக இருக்குமா?

இதே ஏழாம் பதிப்பில் சோழரும் ஒரு நாட்டினராக இடம்பெற்றார்கள். ஆனால் அது வெளியானபோது தலைவர் வரிசையில் சோழ மன்னர் எவரும் இல்லை. ஒருநாள் ராஜராஜனைப் பேச வைக்க முன்வந்தால் என்ன செய்வார்கள்? அவர் மெய்க்கீர்த்தி இருக்கிறது. ஆனால் அது புகழ்ச் செய்யுள், பேச்சு அன்று. 'காற்று' என்பதில் வரும் 'ற்ற' ஒலியைப் பழைய முறையில் ஒலிக்க யாழ்ப்பாணத்தாரையோ மலையாளிகளையோ கேட்க வேண்டும். தமிழ்நாட்டில் பெரும்பாலோர் வாயில் அது மாறிவிட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜனின் ஆணை ஒன்று கல்லில் உள்ளது. தானும் தன் தமக்கையும் பிறரும் கோயிலுக்கு அளித்தவற்றைக் கல்லிலே வெட்டுக என்று அவர் சொல்கிறார். அங்கே 'கொடுத்தன' என்று இல்லை. நாம் வீட்டில் பேசுவது போலவே, 'குடுத்தன' என்றுதான் வெட்டியிருக்கிறது.