ஒல்லி எழுத்துக்கு எதற்குத் தடித்த பாதம்?

சாயர்புரம் என்ற ஊர்ப்பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் 11 எழுத்து. 110 செ.மீ. நீளமுள்ள பலகையில் எழுதினால், ஓர் எழுத்துக்கு 10 செ.மீ. அகலம்தான் கிடைக்கும். எழுத்து சதுரமாக இருந்தால் உயரமும் 10 செ.மீ.தான். அகலம் உயரத்தில் பாதியாக இருந்தால்? 20 செ.மீ. உயரத்துக்கு எழுதலாம்! அதற்காக, இரண்டு மடங்கு தூரத்திலிருந்து தெரியும் என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள். ஒல்லியாக்கும்போது எழுத்துக்குள் இருக்கும் வெற்றிடமும் சுருங்கிவிடுகிறது.

கோடுகள் நெருங்கினால் கண் தடுமாறும். அப்போது கைகொடுப்பதுதான் 'ஸ்லாப் செரிஃப்'. ஆங்கில எழுத்தின் கோடு முடியும் இடத்தில் குறுக்கே ஒரு தடித்த பட்டை போடுவார்கள். கோடு எங்கே முடிகிறது என்று அது காட்டிவிடும். ஈய எழுத்தில் அச்சடித்த காலத்தில் இன்னொரு நன்மையும் இருந்தது. மெல்லிய முனைகள் அழுத்தத்தில் சீக்கிரம் தேயும், உடையும். தடித்த பாதம் தாங்கும்.

1845இல் லண்டனில் ராபர்ட் பெஸ்லி பங்குதாரராக இருந்த எழுத்து வார்ப்பகம் 'கிளாரெண்டன்' என்ற எழுத்தை வெளியிட்டது. எஃகில் அதைச் செதுக்கியவர் பெஞ்சமின் ஃபாக்ஸ். சற்றே ஒல்லி, நல்ல தடிப்பு, பட்டைப் பாதம். அகராதியில் சொல்லைத் தடிப்பாகவும் அதன் பொருளை மெலிதாகவும் அச்சிட்டால் தேடுவது எளிது அல்லவா? அந்த வேலைக்கு இது அப்படியே பொருந்தியது. 3 ஆண்டுகளுக்கு வேறு யாரும் நகலெடுக்கக் கூடாது என்று பதிவும் செய்தார்கள். கெடு முடிந்ததோ இல்லையோ, ஆளாளுக்கு நகலெடுத்தார்கள்!

அதே 1845இல் தமிழறிஞர் ஜி.யு. போப் அந்தச் சாயர்புரத்தில் பள்ளி நடத்திக்கொண்டிருந்தார். பின்னாளில், 1900இல், அவருடைய திருவாசக மொழிபெயர்ப்பை ஆக்ஸ்ஃபோர்டின் கிளாரெண்டன் அச்சகம் வெளியிட்டது. கிளாரெண்டன் எழுத்துக்குப் பெயர் தந்தது அந்த அச்சகம்தான் என்பார்கள்.

தலைப்பு, சுவரொட்டி, அட்டைப்பெட்டி, அகராதிச் சொல் எல்லாவற்றுக்கும் ஒல்லிப் பட்டை எழுத்து அருமையாக இருக்கும். முழுக் கதையையும் அதில் அச்சிட்டால் நான் இரண்டாம் பக்கத்திலேயே மூடிவைத்துவிடுவேன். பக்கமே கறுத்துத் தெரியும்.

கணினியில் சாதாரண எழுத்தைப் பக்கவாட்டில் அமுக்கினாலும் ஒல்லியாகும். ஆனால் நிற்கும் கோடு மெலிந்துவிடும், படுத்த கோடு தடிப்பாகவே இருக்கும். உடம்பைவிடப் பாதம் பருத்துப்போகும்! அதனால்தான் நல்ல ஒல்லி எழுத்தைப் புதிதாகவே வரைகிறார்கள்.

தமிழில் பாடு இன்னும் அதிகம். 'ன'வுக்கு இரண்டு சுழி, 'ண'வுக்கு மூன்று. ஸ்கெட்ச் பேனாவால் 'பணி', 'பனி' இரண்டையும் 1 செ.மீ. உயரத்தில் எழுதுங்கள். உயரத்தை மாற்றாமல், ஒவ்வொரு தடவையும் அகலத்தைக் கொஞ்சம் குறைத்து எழுதிக்கொண்டே போங்கள். எழுதியதை நண்பரிடம் நீட்டிப் படிக்கச் சொல்லுங்கள். எந்த அகலத்தில் 'பணி'யை அவர் 'பனி' என்கிறாரோ, அதற்கு முந்தையதுதான் உங்கள் பேனா தாங்கும் ஒல்லி.