விளையாட்டும் அதன் குறிப்பேடும்

பேராதனைப் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ள நூல் பயில்வோர் அனைவர்க்கும் பொது. அவர் எடுக்கும் குறிப்போ அவரவர்க்கே உரியது. ஆதலின் குறிப்பினை நூலின் ஓரத்தில் எழுதாது தனி ஏட்டில் எழுதுதல் முறையாகும். கணினி விளையாட்டுக்கள் பல, பயனரின் தெரிவுகளைத் தம்மிடத்தே வையாது இயங்குதளத்திடம் ஒப்படைப்பதற்கும் அடிப்படை இதுவே.

முன்னர் நிலைமை வேறாயிருந்தது. 1993 இல் வெளிவந்த 'டூம்' என்னும் விளையாட்டு, விசை, ஒலி முதலிய தெரிவுகளைத் தன் கோப்புறையிலேயே எழுதிவைத்தது. அக்கோப்புறையைப் படியெடுத்துச் செல்லின் தெரிவுகளும் உடன்சென்றன. அது இயங்கிய டாஸ் இயங்குதளம் பயனர்களை வேறுபடுத்தி அறியாதது. எனவே அம்முறை போதியதாயிற்று.

பின்னர் ஒரே கணினியைப் பலர் தத்தம் பெயரால் பயன்படுத்தும் வழக்கம் வந்தது. 1992 இல் விண்டோஸ் 3.1 உடன் தோன்றிய 'ரெஜிஸ்ட்ரி' என்னும் பதிவேடு, 1995 இல் வந்த விண்டோஸ் 95 இல் விரிவுற்று, கணினிக்குரியன, பயனருக்குரியன எனப் பகுத்து வைக்கும் இடமாயிற்று. 2007 இல் பொதுவிற்பனைக்கு வந்த விஸ்டா, நிரல்கள் நிறுவப்படும் கோப்புறையில் அவை தாமே எழுதுதலைப் பெரிதும் தடுத்தது. தீய நிரலொன்று பிறவற்றைத் திரித்துவிடாமற் காத்தல் அதன் நோக்கங்களுள் ஒன்று. நிரலை நீக்கிப் புதிதாக நிறுவினும் பயனரின் சேமிப்பு அழியாதிருத்தல் மற்றொரு நன்மை.

எனினும் இம்முறையிற் குறையும் உண்டு. பொதுக்கணினியில் விளையாடிய மாணவன் விளையாட்டினைத் தன் சேமிப்புக்கோலில் எடுத்துச்சென்றாலும், பல நாள் முயன்று எய்திய நிலை அக்கணினியிலேயே தங்கிவிடுகின்றது. கணினி துடைக்கப்படின் அதுவும் மறைகின்றது. அதன் இருப்பிடமும் அவனுக்கு எளிதிற் புலப்படுவதில்லை.

தெரிவுகள் யாவும் ஓரினத்தன அல்ல என்பதை உணரின் தீர்வு விளங்கும். திரையின் அளவு கணினிக்குரியது. அது பயனருடன் செல்லின் வேறொரு திரைக்குப் பொருந்தாது. விளையாட்டில் எய்திய நிலை பயனருக்குரியது. அது அவனுடன் செல்லவேண்டும். 'ஓப்பன் டிடிடி' என்னும் விளையாட்டு இதற்கு வழிகாட்டுகின்றது. தான் இயக்கப்படும் கோப்புறையில் அமைப்புக்கோப்பு இருப்பின் அதனையே அது கைக்கொள்ளும். இல்லையேல் பயனரின் கோப்புறையை நாடும். எனவே குறிப்பேட்டைத் தனியே வைத்தல் தவறன்று. அதனை உரியவன் கையில் எடுத்துச்செல்ல வழிவையாமையே தவறாகும்.