ஒரே கூரையின் கீழ்ப் பல தொழில்கள்

ஜார்ஜ் டவுனிலிருந்து மலையைச் சுற்றிக்கொண்டு மேற்கே சென்றால் பாலிக் புலாவ் வந்து சேரும். தீவின் பின்புறம் என்பது அந்த மலாய்ப் பெயரின் பொருள். டுரியான், ஜாதிக்காய், கிராம்பு விளையும் ஊர். மலைக்கு அந்தப் பக்கம் பாயான் லெப்பாசில் 1972-ஆம் ஆண்டு தீர்வையற்ற தொழில் வட்டாரம் தொடங்கப்பட்டது. மாதச் சம்பளம் வேண்டுகிற இளைஞருக்கு அன்று முதல் வழி தெரிந்துவிட்டது. ஆனால் ஊரிலேயே இருந்து சொந்தத் தொழில் செய்ய நினைப்பவர் என்ன செய்வார்? ஜாதிக்காய்ச் சதையை ஊறுகாய் போடுகிறவர் தம் வீட்டு அடுக்களையில். கணினியில் கணக்கெழுதித் தருகிறவர் தம் வீட்டுக் கூடத்தில். ஒருவர் சிக்கல் மற்றவருக்குத் தெரியாது.

இத்தகையவர்களுக்காகவே பொதுப் பணிக்கூடம் என்ற ஏற்பாடு வந்தது. ஒரு கட்டடத்தில் ஆளுக்கொரு மேசையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, மின்சாரம், இணையம், விருந்தினர் அறை ஆகியவற்றைப் பொதுவில் வைத்துக்கொள்வது. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் 2005-ஆம் ஆண்டு பிராட் நியூபெர்க் என்பவர் இதைத் தொடங்கினார் என்பார்கள். பெயர் புதிதாக இருக்கலாம். பினாங்குத் தமிழருக்குச் செய்தி புதிதன்று!

ஜார்ஜ் டவுனில் பினாங்கு வீதி என்று ஒன்று உண்டு. தைப்பூசத்திற்கு வெள்ளி ரதம் புறப்படும் கோயில் வீடு அங்கேதான் இருக்கிறது. அந்த வட்டாரத்தில் நாட்டுக்கோட்டை நகரத்தார் கிட்டங்கிகளை நடத்தினார்கள். கிட்டங்கி என்றால் சரக்கறை என்று பொருள். ஆனால் நடந்தது பெரும்பாலும் வட்டித் தொழில். நீளமான ஒரே கூடம். அதில் வரிசையாகப் பல கடைகள். கடை என்றால் கதவும் சுவரும் கொண்டதன்று. தரையில் ஒரு விரிப்பு, கணக்கெழுதச் சாய்வான சிறு பெட்டி, பின்னால் ஓர் அலமாரி, அவ்வளவே. ஒவ்வொன்றும் தனி விலாசம், தனி முதல், தனி இலாபம். சமையல் மட்டும் பொது. (பகலில் கணக்கெழுதிய இடத்திலேயே இரவில் பாய் விரித்துப் படுத்தவர்களும் உண்டு. அந்த வசதியை இன்று யாரும் கேட்கமாட்டார்கள் என்று நம்புவோம்.)

வாடகை மிச்சமானதை நாம் பெரிதாகச் சொல்லவில்லை. நடுப்பகலில் ஒரு கடையில் ரொக்கம் குறைந்தால் பக்கத்துக் கடை கைமாற்றுக் கொடுத்தது. கடன் கேட்டு வருபவரின் நாணயம் கூடம் முழுவதற்கும் தெரிந்திருந்தது. ஒருவரை ஏமாற்றியவர் அடுத்தவரிடம் போய் உட்கார முடியாது. நடப்பு வட்டியைப் பேசி முடிவு செய்யக் கோயிலில் கூடினார்கள். இவற்றைவிட நாம் கவனிக்க வேண்டியது, பெட்டியடிப் பையன் என்ற ஏற்பாடு. ஊரிலிருந்து வரும் சிறுவன் பெட்டியருகே உட்கார்ந்து தொழிலைப் பார்ப்பான். பிறகு அடுத்தாள் ஆவான்; திறமை இருந்தால் மேலாள் ஆவான்; கடைசியில் தானே முதல் போடுவான். நேற்றுவரை எடுபிடியாக இருந்தவன் இன்று அதே கூடத்தில் போட்டிக் கடைக்காரன்!

ஆனால் அந்தக் கூடத்தின் கதவு ஒரு சமூகத்தாருக்கு மட்டுமே திறந்திருந்தது. அதிலும் ஆண்களுக்கு மட்டும். உள்ளே இருந்த நம்பிக்கை வெளியே கடன்பட்டவரிடம் செல்லவில்லை. 1930-களின் பொருளாதார மந்தத்தில் கீழ்ப் பர்மாவின் விளைநிலத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு, அடைக்க முடியாத கடனுக்காக நகரத்தார் கைக்கு வந்தது. விவசாயிக்கு அது துயரம். நிலத்தை விரும்பாத பலருக்கு முதலே முடங்கிப் போயிற்று. ஆகவே கிட்டங்கியை அப்படியே பார்த்து எழுத வேண்டியதில்லை.

பாலிக் புலாவில் ஒரு பழைய கடைவீட்டை எடுத்து இருபது மேசைகளைப் போட்டுவிட்டால் சமூகம் உண்டாகிவிடுமா? ஆகாது என்பதே நம் கருத்து. குளிர்சாதனமும் காப்பியும் ஆளைச் சேர்க்கும், ஒட்ட வைக்காது. அந்த ஊருக்கு மேசை மட்டும் போதவும் போதாது. ஜாதிக்காயின் கொட்டையை, உள்ளே பருப்பு ஆடிக் கலகலவென்று ஒலிக்கும்வரை வாரக்கணக்கில் உலர்த்த வேண்டும். மேலே சுற்றியுள்ள ஜாதிபத்திரியைத் தனியே பிரித்துக் காயவைக்க வேண்டும். மழை நாளில் இதற்கு உலர்த்தும் அடுப்புத் தேவை. ஆண்டு முழுவதும் வேலை இல்லாத அந்த அடுப்பை ஒருவர் தனியே வாங்கினால் நட்டம். எட்டுப் பேர் சேர்ந்து வாங்கினால் கட்டும். பின்கட்டில் அடுப்பும் பொதி கட்டும் இடமும், முன்கட்டில் மேசைகளும் இருக்கட்டும். ஊறுகாய்க்காரரின் சீட்டை வரைய ஓவியர் அங்கேயே இருப்பார். ஓவியரின் வரவு செலவைப் பார்க்கக் கணக்கர் அடுத்த மேசையில் இருப்பார்.

ஒரு மேசையையாவது பள்ளிப் படிப்பை முடித்த பிள்ளைக்கு, பெண்ணானாலும் ஆணானாலும், எந்த இனத்தவரானாலும், ஓராண்டு வாடகையின்றி விட வேண்டும். அந்த மேசையை மூலையில் போடாதீர்கள். தொழிலில் மிகவும் அனுபவப்பட்டவரின் மேசைக்குப் பக்கத்தில், அவர் தொலைபேசியில் பேரம் பேசுவது காதில் விழும் தூரத்தில் போடுங்கள்.