தக்காளி வாடுவது ஏன்? நுண்ணோக்கி சொல்லும் பதில்

நேற்று வரை பச்சென்று நின்ற தக்காளிச் செடி இன்று தலை தொங்கி வாடுகிறது. தண்ணீர் பாய்ச்சியும் நிமிரவில்லை. உடனே கடைக்குச் சென்று ஏதோ ஒரு மருந்தை வாங்கித் தெளிப்பவர்கள் பலர். வாட்டத்துக்குக் காரணம் பூசணமா, பாக்டீரியாவா, நூற்புழுவா என்று தெரியாமல் தெளித்தால் பணம்தான் வீண். பூசண மருந்துக்கு நூற்புழு சாகாது. எதிரி யார் என்று காட்டிக் கொடுப்பது நுண்ணோக்கி, அதாவது மைக்ராஸ்கோப்.

வளைந்த கண்ணாடி வழியே செல்லும் ஒளி வளைவதால் சிறிய பொருள் பெரிதாகத் தெரிகிறது. இதுவே அடிப்படை. நுண்ணோக்கிகளில் நான்கு வகைகளை அறிந்துகொள்வது நல்லது.

கைலென்ஸ்: ஒரே வில்லை. சுமார் 10 மடங்கு பெருக்கிக் காட்டும். இலையின் அடியில் உள்ள சிலந்திப் பேன், இலைப்பேன் ஆகியவற்றை வயலிலேயே பார்க்கலாம்.

ஸ்டீரியோ நுண்ணோக்கி: இரு கண்ணாலும் பார்ப்பது. வேரை அப்படியே வைத்துப் பார்க்கலாம். அரை மில்லிமீட்டருக்கும் குறைவான நூற்புழுக் குஞ்சுகள் நெளிவது தெரியும்.

கூட்டு நுண்ணோக்கி: பொருளருகே உள்ள வில்லை 40 மடங்கும், கண்ணருகே உள்ளது 10 மடங்கும் பெருக்கினால் மொத்தம் 400 மடங்கு. பூசண இழைகளும் வித்துக்களும் தெளிவாகும். பாக்டீரியாவுக்கு 1,000 மடங்கு வேண்டும்.

எலக்ட்ரான் நுண்ணோக்கி: 1931-ல் ஜெர்மனியில் உருவானது. ஒளிக்குப் பதில் எலக்ட்ரான்கள். கண்ணாடி வில்லைக்குப் பதில் காந்தம். தக்காளியையும் தாக்கும் புகையிலைத் தேமல் வைரஸை 1939-ல் இதன் மூலமே முதலில் கண்டனர்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். வாடிய செடியின் அடித்தண்டில் இரண்டு அங்குலத் துண்டு வெட்டி, தெளிந்த நீருள்ள கண்ணாடித் தம்ளரில் அசையாமல் தொங்க விடுங்கள். சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால் போன்ற இழை இறங்கினால் அது பாக்டீரியா வாடல். பூசண மருந்து வாங்க வேண்டாம். செடியை வேரோடு அகற்றி எரியுங்கள். அடுத்த போகம் அங்கே கத்தரி, மிளகாய், உருளை போடாதீர்கள். வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு என்று அறியலாம்.

இரண்டும் இல்லையேல், பாதி வாடிய செடியை வேர் மண்ணோடு தோண்டி, தாளில் சுற்றி, அன்றே அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டுங்கள். முற்றும் காய்ந்த செடி பயன்படாது. அதில் வேறு பூசணங்கள் குடியேறியிருக்கும். காரணம் தெரிந்த பிறகு மருந்து வாங்கினால் கைப்பணம் மிஞ்சும்.