67 நானோ நொடிக்குள் ஒரு டம்ளர்

கூட்டம் நெரியும் நேரத்தில் டீ மாஸ்டர் டம்ளரைத் தேடிக்கொண்டிருக்க மாட்டார். கழுவிக் கவிழ்த்த அடுக்கு கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கும். நெட்வொர்க்கில் வரும் பாக்கெட்டுகளைக் கையாளும் மென்பொருள் எழுதுவது என் வேலை. அங்கேயும் அப்படி ஓர் அடுக்கு உண்டு. மெம்பூல் என்போம்.

வரும் ஒவ்வொரு பாக்கெட்டையும் இறக்கி வைக்க நினைவகத்தில் ஓர் இடம் வேண்டும். 10 ஜிகாபிட் இணைப்பில் 64 பைட் பாக்கெட்டுகள் மட்டுமே அடுத்தடுத்து வந்தால், நொடிக்கு 1 கோடியே 48 லட்சம். ஒன்றுக்குக் கிடைப்பது 67.2 நானோ நொடி. 3 ஜிகாஹெர்ட்ஸ் பிராசசரில் சுமார் 200 கடிகாரத் துடிப்பு. 100 ஜிகாபிட் என்றால் வெறும் 20. இதற்குள் ஆபரேட்டிங் சிஸ்டத்திடம் போய் இடம் கேட்டு நிற்க முடியாது.

அதனால் இன்டெல்லில் பிறந்து, 2017 முதல் லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் வளரும் டிபிடிகே என்ற மென்பொருள் தொகுப்பு, தொடங்கும்போதே ஆயிரக்கணக்கான இடங்களை ஒதுக்கிப் பொதுக் கிடங்கில் வைத்துவிடுகிறது. பிராசசரின் எல்லா கோர்களும் அங்கேயே போனால் இடித்துக்கொள்ளும். ஆகவே ஒவ்வொரு கோருக்கும் தனியாக ஒரு சின்ன அடுக்கு. அதிகபட்சம் 512 இடங்கள்.

இந்த வேகத்தை அளக்க ஒரு டெஸ்ட் இருக்கிறது. ஒரு கோர் சில இடங்களை எடுக்கும், வைத்திருக்கும், திருப்பிப் போடும். இதையே விடாமல் செய்து, நொடிக்கு எத்தனை என்று எண்ணைக் காட்டும். முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் அந்த எண் எங்களுக்குப் பிரமாதமாக வந்தது. நிஜ டிராஃபிக்கைத் திறந்துவிட்டதும் பாக்கெட்டுகள் உதிரத் தொடங்கின.

இரண்டு இரவு உட்கார்ந்தபின்தான் பிடிபட்டது. எங்கள் மென்பொருளில் பாக்கெட்டை வாங்குவது ஒரு கோர், அனுப்புவது இன்னொன்று. வாங்குகிற கோர் எடுத்துக்கொண்டே இருக்கும்; அதன் அடுக்கு சட்டென்று காலியாகும். அனுப்புகிற கோர் போட்டுக்கொண்டே இருக்கும். அதன் அடுக்கு வழியும். இரண்டுமே ஓயாமல் கிடங்குக்கு ஓடின. டெஸ்டிலோ, எடுத்த கோரே திருப்பியும் போட்டது. 32 எடுத்து, அதே 32-ஐப் போட்டு, மறுபடி அதையே எடுத்தது. கிடங்குப் பக்கமே போகவில்லை. நாங்கள் அளந்தது அடுக்கை மட்டும்தான்.

டெஸ்டை மாற்றி எழுதினேன். ஒரே நேரத்தில் கையில் வைத்திருக்கும் எண்ணிக்கையை 32,768 வரை உயர்த்தினேன். 512-ஐத் தாண்டினால்தான் கிடங்கின் கதவு திறக்கும். ஒரு கோர் எடுக்க, மற்றது போடும் ஓட்டத்தைப் புதிதாகச் சேர்த்தேன்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. பாக்கெட்டுகளை 32, 32-ஆக எடுக்கிற நிரலில் அந்த 32 முன்கூட்டியே தெரிந்த எண். கம்பைலர் சுழற்சியை விரித்து வேகப்படுத்திவிடும். பழைய டெஸ்டில் அது ஓடும்போது மாறக்கூடிய எண். அந்தச் சலுகை கிடைக்காது. ஆக, பழைய டெஸ்ட் வேகத்தை ஒரு பக்கம் கூட்டியும் இன்னொரு பக்கம் குறைத்தும் காட்டியிருக்கிறது. மாறாத எண், மாறும் எண் இரண்டையும் தனித்தனியாக அளந்தேன்.

விடையையும் ஓர் இடத்துக்கு எத்தனை துடிப்பு என்று அச்சிடவைத்தேன். மொத்த எண்ணிக்கை, கோர்களைக் கூட்டினாலே ஏறிவிடும். 200-இல் எவ்வளவு போயிற்று என்பதுதான் எனக்கு வேண்டியது.

கடைசியில், வாங்கும் கோரே அனுப்பவும் செய்யும்படி மென்பொருளை மாற்றினோம். உதிர்வது நின்றது. இரண்டு கோர் டெஸ்டை மட்டும் நீக்கவில்லை. யாராவது மறுபடி வேலையைப் பிரித்தால், அதன் செலவை முதலில் காட்டப்போவது அதுதான்.